போகாத சரக்குக்குப் பில் இல்லை

ஜைனபு அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, நான் ஆலையில் சாமை உமி நீக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். அவர் அதையே சொன்னார்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமையையும் தினையையும் வாங்கி, அரிசியாக்கிச் சென்னைக்கு அனுப்பும் சிறிய ஆலை எங்களுடையது. அக்காவுக்கும் எனக்கும் சமபங்கு. அவர் கண்டிப்பானவர் என்று இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் சொல்வீர்கள். அந்தக் கண்டிப்பால் ஆலையே மூடிப்போயிருக்கக்கூடிய ஒரு நாளை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அது அறுவடைக் காலம். மலைக்காரர்கள் மூட்டைகளோடு ஆலை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் காசு கேட்டார்கள், நியாயம்தான். எங்களிடம் இருந்ததோ, சென்னையில் ஒரு பெரிய கடைக்குச் சரக்கு அனுப்பிய பில் மட்டுமே. அந்தக் கடை மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். அடமானத்துக்கு நிலமில்லை என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. அதனால் பில்லை ஒரு ஃபாக்டரிங் கம்பெனியிடம் கொடுத்திருந்தோம். பெரும்பகுதிப் பணத்தை அவர்கள் உடனே தருவார்கள். தவணை வந்ததும் கடை நேராக அவர்களுக்குக் கட்டிவிடும். அவர்கள் எடுத்துக்கொள்ளும் கழிவு போக மீதி எங்களுக்கு. ஆனால் பில் சரிதான் என்று கடை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடையின் மேனேஜர் இழுத்தடித்தார்.

அதற்குள் ஒரு வெளியூர் வியாபாரியின் லாரி வாசலில் வந்து நின்றது. விலை குறைவு, ஆனால் ரொக்கம். மலையிலிருந்து வந்திருந்த சின்னையன் எழுந்து அக்காவிடம் வந்தார்.

"அக்கா, அவன் இப்பவே காசு தரேன்றான். நான் இன்னா பண்ணட்டும்?"

"உன் மூட்டை, உன் இஷ்டம். பணம் இன்னிக்கு வரும்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

சின்னையன் உட்கார்ந்துவிட்டார். வேறு சிலர் லாரிக்குப் போனார்கள். ஃபாக்டரிங் கம்பெனிக்கு ஆள்பிடித்துத் தரும் ஏஜென்ட் அக்காவிடம் குனிந்து, "அடுத்த லோடுக்கும் இப்பவே பில்லு போடுங்க. நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு ஒத்துக்கும்" என்றார்.

"போகாத சரக்குக்கு பில்லு போட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா மேனேஜருக்குப் போன் போட்டார்.

"எங்க பில்லை வெளியில குடுத்தா, எங்களுக்கே பணக்கஷ்டம்னு பேசுவாங்க. அடுத்த ஆர்டர் சந்தேகந்தான்" என்றார் மேனேஜர்.

"ஆர்டர் உங்க இஷ்டங்க. இந்தச் சரக்கு வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு. ஒத்துக்கிறேன்" என்றார் மேனேஜர்.

மாலையில் பணம் வந்தது. காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தோம். மேனேஜர் சொன்னபடியே அடுத்த ஆர்டர் வரவில்லை. அரை வருடம் ஆலை அரைகுறையாக ஓடியது. அக்கா சின்னசேலம், உளுந்தூர்பேட்டை என்று பஸ்ஸில் அலைந்து சிறு கடைகளைப் பிடித்தார். லாரிக்குப் போனவர்கள் அடுத்த அறுவடையில் திரும்பி வந்தபோது, ஒன்றும் கேட்காமல் எடை போட்டார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். புதிதாக ஒரு கம்பெனி குறைந்த கழிவில் பில் வாங்குவதாகச் சொன்னேன். மூச்சு வாங்கியபடி கேட்டார்: "கடைக்காரன் காசு குடுக்காம பூட்டான்னா, அந்தப் பணத்த யாரு கட்டணும் செல்வி?"

அதை நான் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை.

"கேட்டுக்கினு அப்பறம் கையெழுத்து போடு."

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். நேற்று அந்தக் கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தோடு வந்தார். கேட்டேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நீங்கதாங்க கட்டணும்" என்றார்.

தாள்களை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.