அப்பாவுக்குப் பிடித்த விஸ்கி

என் கணவர் என் அப்பாவுக்கென்று மெனக்கெட்டு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்கியது, அப்பா செத்த பிறகுதான்.

கருமாதிக்கு முந்தின நாள். கடலூரில் அம்மா வீடு முழுக்க உறவுக்காரர்கள். கொல்லையில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையிலேயே யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போன என் கணவர், பாண்டியிலிருந்து போன் செய்தார்.

“த பாரு, கடைக்காரரு நல்லா எடுத்துச் சொல்றாரு. ஸ்காட்ச்லயே ரெண்டு தினுசு இருக்குதாம். ஒண்ணு புகை வாசன அடிக்குமாம். இன்னொண்ணு அப்டியே தேன் மாதிரி எறங்குமாம். மாமாவுக்கு எது புடிக்கும்?”

“அப்பா குடிக்க மாட்டாருங்க.”

“என்னா பேசுற நீ? ஊத்திக் குடுத்தவனே நான்தான. சரி வுடு, தேன் மாதிரி இருக்கறதையே வாங்கினு வரேன். மாமா சாஃப்டான ஆளு.”

போனை வைத்துவிட்டார். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சிதம்பரத்திலிருந்து ஒரே ஒரு நாள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. பழப்பையை வைத்துவிட்டு, நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பையில் இருந்த பழத்தை அவர் பார்த்து வாங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. இன்றைக்கு விஸ்கிக்கு மட்டும் மணத்தையும் ருசியையும் நின்று விசாரிக்கிறார்.

அப்பா பத்திரம் எழுதுகிறவர். கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கடலூரிலிருந்து வடலூருக்கு நடந்தே போய் ஜோதி பார்த்துவிட்டு வருவார். குறிஞ்சிப்பாடியைத் தாண்டிவிட்டால் கால் தானாக நடக்கும் என்பார். குடிக்கிறவர்களைத் திட்டவும் மாட்டார், அவர்கள் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்.

எங்கள் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை ஒரு நீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். பளபளப்பான காகிதம் சுற்றியிருந்தது. “மாமாவுக்கு என் கிஃப்ட்” என்று நீட்டினார். மாப்பிள்ளை கையால் வருகிற முதல் பொருள். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

“பழக்கம் இல்லீங்க மாப்ள.”

“எனக்கு மட்டும் பொறக்கும்போதே பழக்கமா மாமா? ஒரே ஒரு ரவுண்டு. நீங்க ஒக்காரலன்னா நான் இப்பவே சிதம்பரம் பஸ்ஸப் புடிச்சிடுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் முறுக்குத் தட்டோடு நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். என் கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கியிருக்கவில்லை. அப்புறம் டம்ளரை எடுத்து, கஷாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். மாப்பிள்ளை கைதட்டினார்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அப்பா போகவில்லை. முழங்கால் வலி என்றார். அடுத்த வருஷமும் முழங்கால்தான். அதே முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு சைக்கிள் மிதித்தார். யாரும் அவரை வரக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஜோதிக்கு முன்னால் போய் நிற்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். சாகிற வரைக்கும் வடலூர் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இவர் வாயில் அந்த ஒரு டம்ளர் வளர்ந்துகொண்டே போனது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், “எங்க மாமா மாதிரி ஒரு கம்பெனி கெடைக்காது, மாமனும் மச்சானும் மாதிரி ஒக்காந்து அடிப்போம்” என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்து இலையில் அப்பா தலையைக் குனிந்தபடி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் மாப்பிள்ளை பொய்யன் ஆகிவிடுவார், அது என் தலையில் வந்து விடியும் என்று பயம். என்னை நினைத்தே அந்த மனுஷர் குடிகாரப் பட்டத்தைச் சுமந்தார்.

மத்தியானம் என் கணவர் வந்து சேர்ந்தார். பாண்டி எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீசிடம் மாட்டாமல் பாட்டிலைக் கொண்டுவந்த கதையைப் பந்தலில் நின்று பெருமையாகச் சொன்னார். நான் பெரியப்பாவிடம் போனேன். அப்பாவுக்கு அண்ணன் அவர், அவர் சொன்னால் எடுபடும்.

“இத வைக்கக் கூடாது பெரியப்பா. அப்பா குடிக்கிறவரு இல்ல.”

“மாப்ள ஆசையா வாங்கினு வந்துருக்காரும்மா. நீ ஏன் இதுல தலையிடற? செத்தவனுக்கு இனிமே என்னா வந்துடப் போவுது?”

இலையில் கறி வைக்கக் கூடாது, அவர் சைவம் என்று அங்கே அத்தனை பேருக்கும் நினைவிருந்தது. வடை, அதிரசம், வாழைப்பழம், புது வேட்டி எல்லாம் வைத்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து என் கணவர் விஸ்கியை ஊற்றினார். மீதியை ஆம்பிளைகளுக்கு வேண்டுமென்று எடுத்துப்போனார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். அவளையும் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து திண்ணையில் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை வந்தால்? வந்து அந்த டம்ளருக்கு முன்னால் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா? கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனேன். டம்ளரை எடுத்து முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அப்பாவுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்துபோனது. மறுபடி பின்பக்கமாகவே வந்து கூட்டத்தோடு நின்றுகொண்டேன்.

கதவைத் திறந்தார்கள். முதலில் பார்த்தவர் பெரியப்பாதான்.

“டேய்... வந்துட்டான்டா. தம்பி வந்து குடிச்சிட்டுப் போயிட்டான்டா.”

என் கணவர் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “பாத்தியா? சொன்னேன்ல? மாமாவுக்கு எவ்ளோ புடிச்சிருக்கு பாரு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நிஜமான அழுகை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான்தான் கொட்டினேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். யார் கையையும் பிடிக்காமல் நடந்துபோய் அந்தக் காலி டம்ளரை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“வந்துட்டுப் போயிருக்காருடி” என்றாள். “பசிக்குது. எனக்கு ஒரு வாய் சோறு போடு.”

நான் வாயை மூடிக்கொண்டு போய் சோறு போட்டேன்.

போன மாதம் முதல் வருஷ திதி. அம்மாவே என் கணவருக்குப் போன் செய்தாள். “அன்னிக்கு வாங்கினதையே வாங்கினு வாங்க மாப்ள. வேற எதுனா வெச்சு, அவரு வந்து குடிக்காம போயிட்டாருன்னா?” என்றாள். இவரும் பாண்டி வரைக்கும் போய் அதையே தேடி வாங்கிவந்தார். இலை போட்டார்கள், ஊற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். வாசலில் அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கொல்லை வழியாக உள்ளே போய், ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் கொட்டிவிட்டு வந்தேன்.