ஹெல்மெட்டில் பாக்கு

அந்த சைட் மேனேஜரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. மைசூரில் கட்டுமான மேலாண்மை முதுகலை படித்தபோது, மூன்று மாதப் பயிற்சிக்காக நஞ்சன்கூடு சாலையில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனேன். அந்தத் தூசியிலும் அவருடைய வெள்ளைச் சட்டையில் இஸ்திரி கலையாது. ஹெல்மெட்டை அவர் தலையில் நான் பார்த்ததே இல்லை. மேஜைமேல் மல்லாத்தி வைத்து, உள்ளே பாக்குப் பொட்டலமும் சாவியும் போட்டிருப்பார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வெயிலு?" என்று கொள்ளேகால் தமிழில் இழுத்தவர், நான் பயிற்சியை நன்றாக முடித்ததாகச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டு முதல் நாளே நீட்டினார். "மூணு மாசம் கழிச்சு காலேஜ்ல குடு. நாளைக்கு வர வேணாம்."

வீம்புக்காகவே தினமும் போனேன். எந்தத் தளம் எந்த வாரம் முடிய வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அன்றே கிழித்து, அதில் பாக்கு மடித்தார்.

"அட்டவணை இல்லாம எப்படி சார் வேலை நடக்கும்?"

"வேல முடியட்டும், அப்புறம் போடு. ஒரு நாள்கூடத் தப்பாது."

அப்படித்தான் நடந்தது. மழையில் வேலை நின்ற நாட்களை மறைத்து, எல்லாம் குறித்த தேதியில் முடிந்ததாக மாதக் கடைசியில் என்னையே அட்டவணை வரைய வைத்தார்.

கடைசி நாள், நான் நிஜமாகச் செய்த வேலையைச் சொல்லும் புதுச் சான்றிதழ் கேட்டேன். "அதான் மொதல்லயே குடுத்துட்டேனே" என்றார், நிமிராமல். அதைத்தான் கல்லூரியில் கொடுத்தேன்.

இன்றும் அந்த ஆளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த சைட்டில் வேலைக்கு முன்பே எழுதி, கிழியாமல் தப்பிய ஒரே காகிதம் என் சான்றிதழ்தான்.