வள்ளி ரீச்சரும் நானும் தேடிய கோப்பிக் கடை

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டு நின்றேன். கைப்பேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது. எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில், தவணைப் பரீட்சை நேர அட்டவணைக்குக் கீழே, யாரோ ஒரு வரி போட்டிருந்தார்கள்: வள்ளி ரீச்சர் இன்று காலை காலமாகிவிட்டார். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வந்து விழத் தொடங்கின. அவரோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்களும் கைகூப்பினார்கள். நானும் கூப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.

இடைவேளையில் அதிபர் கூப்பிட்டார். “ரீச்சர், நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அவாவோட நெருக்கமா இருந்தது நீங்கள் ஒராள்தானே” என்றார். ஓம் என்று தலையாட்டினேன். நல்லவர், கடமை தவறாதவர், சிரித்த முகம் என்று எழுதி அலுவலை முடித்துவிடலாம். அப்படி எழுதினால் வள்ளி ரீச்சர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு சுகமான சிரிப்பு அல்ல. ஆகவே அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அதிபரின் விருப்பம்.

நாங்கள் இருவரும் கிளிநொச்சியில் ஒரே பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்தோம். வாசலுக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை இருந்தது; பாடசாலை விட்டதும் இருவரும் அங்கேதான் குடிப்போம். வள்ளி ரீச்சர் தேத்தண்ணி தொடமாட்டார். அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பம். கலவரத்தில் எல்லாம் போய், வன்னிக்கு வந்து தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். “எங்கட ஆக்கள் மூண்டு தலைமுறையாத் தேயிலைக்கு உழைச்சுக் குடுத்திட்டினம். நான் அதுக்கு லீவு குடுத்திட்டன்” என்பார். பிறகு ஒரே வருடத்தில் இருவருக்கும் நெளுக்குளத்துக்கு இடமாற்றம் வந்தது. என் கணவரின் வீடு அங்கே, பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடை. வள்ளி ரீச்சர் ஓமந்தைக்கு அங்கால் தன் அக்கா வீட்டில் இருந்தார். பாடசாலை ஒன்றரைக்கு விடும். அவருடைய பஸ் இரண்டரைக்குத்தான் வரும். இடையில் ஒரு மணித்தியாலம்.

முதல் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்வது, வெயிலில் பஸ் தரிப்பிடத்திலா விட்டுவிட்டு வருவது? என் மாமியார் முன்விறாந்தையில் இருந்தார். “பிள்ளைக்கு எந்த ஊர்?” என்று கேட்டார்.

“தருமபுரம், அம்மா.”

“அதுக்கு முதல்?”

வள்ளி ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “அதுக்கு முதல் மாத்தளை. தேயிலைத் தோட்டம்.”

மாமி குசினிக்குள் போனார். கோப்பி வந்தது. எனக்குப் பீங்கான் கோப்பையில் வந்தது. அவருக்கு, என் மகனின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய கடதாசிக் கோப்பையில் வந்தது. அதில் ஒரு பூனை பலூனைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் பூனையைப் பார்த்தார், என் கோப்பையைப் பார்த்தார், அவசரப்படாமல் ஆறுதலாகக் குடித்தார். “அம்மா, இப்பிடி ஒரு கோப்பி நான் எங்கயும் குடிச்சதில்லை” என்றார். அது பொய்யில்லை. மாமியின் கோப்பி அப்படித்தான். குடித்து முடிந்ததும் கடதாசிக் கோப்பையை நசித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “எறியிற வேலையை உங்களுக்கு ஏன் வைப்பான்.”

அவர் படலையைத் தாண்டியதும் மாமி அந்தக் கதிரையைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் கழுவினார். வீடு மாமியுடையது. என் சம்பளத்தில் ஓடுகிற வீடு என்றாலும் மாமியுடையது. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பாடசாலைத் தமிழ்த்தினத்தில் சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவள் நான்தான். கேட்டவர்கள் இருக்கிறீர்கள்.

அடுத்த நாள் ஒன்றரைக்கு நான் முந்திக்கொண்டேன். “ரீச்சர், இந்த ஊரிலயும் ஒரு நல்ல கோப்பிக் கடை இருக்கத்தானே வேணும். தேடிப் பிடிப்பம்.” அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார். “ஓம், பிடிப்பம்” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று அன்று எனக்கு உள்ளூரப் புளுகம், பெருமை.

அப்படித்தான் அந்தத் தேடல் தொடங்கியது. சந்திக் கடையில் பக்கற்றைக் கிழித்துச் சுடுதண்ணீரில் கொட்டித் தந்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது கோப்பி இல்லை. கோப்பியைப் பற்றி ஆரோ எழுதின மொட்டைக் கடிதம்” என்றார். பேக்கரியில் ரின்பாலும் சீனியுமாகப் பாயாசம் போல் வந்தது. குளத்தடிக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும், சேலை கட்டிய இரண்டு ரீச்சர்மார் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருப்பதை வாய் பார்த்தார்கள். வள்ளி ரீச்சர் திரும்பி, “அண்ணை, எங்களைப் பாத்தது காணும். உங்கட வடையில இலையான் மொய்க்குது, அதைப் பாருங்கோ” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எங்களை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எந்தக் கடைக்குப் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான். கிளாஸை வைத்துவிட்டுச் சொல்வார்: “உங்கட மாமியின்ர கோப்பிக்குக் கிட்டவும் வராது.” பாராட்டு என்று நினைத்து நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். ஒரு வருடம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது, ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு நான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. ஆனாலும் கடை எனக்கு வசதியாக இருந்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே வாளித் தண்ணீரில் அலசியது. அவருக்குப் பக்கத்தில் இருந்து குடிக்க நான் ஒருவரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

மாமியின் கோப்பித்தூளுக்கு என்ன சேர்க்கிறது என்று ஒருநாள் கேட்டார். மல்லி, சுக்கு, மிளகு, எதை எந்தப் பதத்துக்கு வறுப்பது என்று மாமியிடம் கேட்டு ஒரு அப்பியாசக் கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். இடைவேளையில் ஆசிரியர் அறை முழுவதும் மணத்தது. அவரைத் தவிர நாங்கள் ஏழு பேர் இருந்தோம். ஒருவருக்கு விரதம். ஒருவருக்கு வயிற்றெரிவு. ஒருவருக்குச் சீனி வருத்தம். இதை வாசிக்கிற சிலருக்குத் தங்கள் வருத்தம் எது என்று ஞாபகம் வரும். கடைசியாக என்னிடம் வந்தார். “ரீச்சர், நீங்கள்?”

எனக்கு விரதமும் இல்லை, வருத்தமும் இல்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் மாமிக்கு உறவு. “இப்பதான் குடிச்சனான்” என்றேன்.

அவர் மூடியைத் திருகினார். வெளியே போய், முழுவதையும் வேப்பமரத்தடியில் ஊற்றினார். “இந்த மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்றார். ஒன்றரைக்கு மணி அடித்ததும் என் மேசைக்கு அவரே வந்தார். “வாங்கோ, கடை தேடுவம்.” அன்றைக்கு அவர் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போன வருடம் அவருக்கு வருத்தம் வந்தது. மருந்தெடுக்கக் கொழும்புக்குப் போய்ப் போய் வந்தார், பிறகு போவதை நிறுத்திவிட்டார். தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் அழைப்பார். “ஒருநாளைக்கு வீட்டை வாங்கோ, ரீச்சர். உங்கட மாமியின்ர கோப்பியை இப்ப நான் அவாவை விட நல்லாப் போடுவன்.” வாறன் என்பேன். தவணை முடியட்டும், மழை விடட்டும், மகனின் சோதனை முடியட்டும் என்று தவணை சொன்னேன். ஓமந்தை என்ன லண்டனிலா இருக்கிறது? போய் அந்தக் கோப்பையை வாங்கவேண்டிவரும் என்பதுதான் எனக்குப் பயம். மாமிக்குக் கதை போகும். மாமி என் கதிரையைக் கழுவமாட்டார், ஆனால் மூன்று மாதம் என்னோடு கதைக்கமாட்டார். அந்த மூன்று மாதத்துக்குப் பயந்து நான் போகவில்லை. கடைசி இரண்டு மாதம் அவர் அழைப்பதையும் விட்டுவிட்டார்.

செத்தவீட்டுக்குப் பாடசாலை வானில் எல்லோரும் போனோம். மலர்வளையம் வைத்தோம், பந்தலுக்குள் இருபது நிமிடம் நின்றோம், வந்துவிட்டோம். ஒரு கிழமை கழித்து நான் தனியாகப் போனேன். மாமியிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. இந்த முறை கேட்டு வாங்கிக் குடிப்பது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்தேன். எந்தக் கோப்பையில் தந்தாலும் குடிப்பது.

ரீச்சரின் அக்கா வாசலுக்கு வந்தார். “வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். உள்ளே அயலட்டை ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குசினியிலிருந்து கோப்பி வந்தது. மல்லியும் சுக்கும் வறுத்த அந்த மணம் எனக்குத் தெரியாததா? தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்து, என்னைத் தாண்டிப் போனது. பிறகு அக்கா ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு முன்னால் திறந்து, ஸ்ட்ரோ போட்டுக் கையில் தந்தார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தங்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்காத ஆட்கள் வந்தால், மூடி திறக்காத சோடாவைத்தான் கொடுப்பார்கள்.

“தங்கச்சி சொல்லிட்டுத்தான் போச்சு” என்றார் அக்கா, மரியாதையாக, எந்தக் குத்தலும் இல்லாமல். “டீச்சர் என்னைக்காச்சும் வருவாங்க, கோப்பி கீப்பி குடுத்து அவங்களச் சங்கடப்படுத்திறாதீங்கன்னு. அதுவே இத வாங்கி வச்சிருந்துச்சு.”

எனக்குக் கோப்பி தாங்கோ என்று கேட்டிருக்கலாம். மூன்று சொல். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போத்தலைக் கடைசிவரை குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றவர்கள் வள்ளி ரீச்சரின் பகிடியை வைத்திருப்பார்கள், துணிவை வைத்திருப்பார்கள். வைத்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. என்னிடம் இருப்பது அவர் என்னைப் பற்றி உயிரோடு இருந்தபோதே எடுத்து வைத்த முடிவு ஒன்றுதான். அதை மாற்ற எனக்கு அரை நிமிடம் கிடைத்தது. நான் மாற்றவில்லை.