வார்ப்புரு அண்ணனும் நாற்பத்தொரு வார்ப்புருக்களும்

குழாய் ஒழுகுகிறது என்று குடிநீர் அலுவலகத்துக்குப் போனால், மாடி வீடா கீழ் வீடா என்று கேட்டு அதற்கேற்ற படிவத்தை நீட்டும் எழுத்தர் ஒருவர் உண்டு. இரண்டிலும் கேள்விகள் ஒன்றுதான், தலைப்புதான் வேறு. இரண்டையும் வகுத்த மகானுபாவர் அவரே. ஒழுகும் தண்ணீர் இந்த நுணுக்கம் எதுவும் தெரியாமல் அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அதே கை இணைய அகராதியில் இறங்கும். யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம், திருத்தலாம் என்கிற அகராதி அது. அப்படிச் சேர்ப்பவர்களில் நானும் ஒருத்தி. அவர் சொல் சேர்க்கமாட்டார், வார்ப்புரு செய்வார். பொருளுக்கு முன்னால் ‘பேச்சு வழக்கு’, ‘சட்டம்’ என்று அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் வருகிறதே, அதைத் தானாகப் போட்டுத்தரும் அச்சுதான் வார்ப்புரு. குறிப்புக்கு ஒன்றாக ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொன்று செய்திருந்தார். நாங்கள் அவரை ‘வார்ப்புரு அண்ணன்’ என்போம். கேட்டதும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அலுவலகத்தில் அவரை யாரும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

இதில் மண்ணை அள்ளிப் போட்டவர், எங்களோடு அதே அகராதியில் எழுதும் ஒரு கணக்கு டீச்சர். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் போட்டுத்தரும் ஒரே வார்ப்புருவைச் செய்துவிட்டு, பழைய நாற்பத்தொன்றையும் நீக்கிவிடலாமா என்று உரையாடல் பக்கத்தில் கேட்டார். பத்து நாள் வாக்கெடுப்பு.

அண்ணன் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். “என்னோடதுல எழுத்து லேசா சாம்பல் நிறம்மா. கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கும்!”

அந்தச் சாம்பலை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. “ஆமாண்ணே” என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

பல பக்கங்களில் புழங்கும் வார்ப்புருவை நீக்க நாங்கள் தயங்குவோம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட பக்கத்திலெல்லாம் தன் சரக்கைச் சொருகினார். ஒன்பதாம் நாள் உரையாடல் பக்கத்தில் மார்தட்டினார்: “எண்ணூறு பக்கத்துல புழங்குது. எப்படி நீக்குவீங்க?”

இங்கே யார் எதைத் தொட்டாலும் பெயரோடும் தேதியோடும் பதிவாகிவிடும் என்பது, இதிலேயே ஊறிய மனுஷனுக்கு மறந்து போயிருந்தது. டீச்சர் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதினார்:

“எழுநூறு பக்கம் இந்த வாரம் நீங்களே போட்டது. அதுல பாதியில அடைப்புக்குறி மட்டும்தான் இருக்கு. பொருள் எங்கண்ணே?”

நீக்கலாம் என்று பதினொரு வாக்கு, வேண்டாம் என்று ஒன்று. பதினொன்றில் ஒன்று என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை வார்ப்புருக்களை நீக்கினார்கள். மனசு உறுத்த, நான் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சவரம்கூடச் செய்யாமல் கணினி முன்னால் இருந்தார். பக்கங்கள் சிதறிப்போகும், ஆளாளுக்கு அலறியடித்துக்கொண்டு தன்னிடம் ஓடி வருவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். எல்லாவற்றிலும் டீச்சருடைய வார்ப்புரு முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். “என்னங்க, எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

அந்த அம்மாள் குனிந்து திரையை நிதானமாகப் பார்த்தார். பிறகு கணவரின் தோளில் கை வைத்து, ஆறுதலாகத்தான் சொன்னார்:

“இதுக்குப் போயா இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? நல்லாப் பாருங்க, எல்லாம் அப்படியேதானே இருக்கு. ஒண்ணுமே மாறலையே!”

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மனுஷன், அப்போதுதான் அழுதார்.