சக்கரத்தில் இருக்க வேண்டிய பின்

அந்தக் குற்றாலச் சீசன் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு நான்தான் தபால்காரி. அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே அடுப்படியில் இருப்போம். “ஒங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு” என்பாள் அம்மா. “பசிக்கலன்னு சொல்லு” என்பார் அப்பா. இரண்டையும் நான் ஒப்பிப்பேன். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்கும் தெரியும்.

சண்டை டிராக்டரால் வந்தது. தாத்தா காலத்து வண்டி. முன்சக்கரம் கிறீச்சிட்டு ஆடியது. குற்றாலத்துக்கு வருகிற வேன்களுக்கு நடுவே அதை ஓட்ட வேண்டாம், சந்தைக்கு லோடு ஆட்டோ பிடிக்கலாம் என்றாள் அம்மா. பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்தால் போதும் என்றார் அப்பா. வார்த்தை தடித்தது. “என்னமும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதிய” என்று அம்மா சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

அப்பா மேலகரத்தில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கை டீசலில் அலசி, உள்ளங்கையில் கிரீஸை அள்ளிவைத்து அழுத்தி அழுத்தி நிரப்பினார். எனக்கு அருவருப்பாகவும் இருந்தது, தொட்டுப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. பிறகு ஒரு சின்ன இரும்புப் பின்னைக் காட்டினார்.

“ஏட்டி, நட்டக் கழலவிடாமப் பிடிச்சிருக்கது இதுதான். இது இல்லேன்னா சக்கரம் ஒரு பக்கம் போவும், நான் ஒரு பக்கம் போவேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அம்மா படிக்கக் கூப்பிட்டுவிட்டதால் மீதி வேலையை நான் பார்க்கவில்லை.

மறுநாள் நான் எழுவதற்கு முன்பே அப்பா கத்தரிக்காய் மூட்டைகளோடு பாவூர்சத்திரம் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். தபால்காரி தூங்கியதால் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட ஆள் இல்லை. பல் தேய்க்க முற்றத்துக்குப் போனேன். கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், நியூஸ்பேப்பர் மேல், அந்தப் பின் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். “எம்மா! அப்பா பின்ன மாட்ட மறந்துட்டாவ!”

விஷயத்தைக் கேட்டதும் அம்மா என் கையிலிருந்த பின்னைப் பிடுங்கிக்கொண்டாள். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தாள். “பாவூர்சத்திரம் போங்க அண்ணாச்சி. வழியில டிராக்டர் எங்கயாவது...” அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

தென்காசியைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு கூட்டம் நின்றது. அம்மா சட்டென்று என் கண்ணைப் பொத்தினாள். நான் முப்பிடாதி அம்மனைக் கும்பிட்டேன். ஆட்டோக்காரர் மெதுவாகச் சொன்னார்: “நுங்கு வாங்குதாங்கம்மா.”

சந்தைக்குள் நுழைந்தால் டிராக்டர் முழுசாக நின்றது. பக்கத்தில் அப்பாவும் டீ கிளாசும் கையுமாக முழுசாக நின்றார். எங்களைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார். அம்மா பின்னை நீட்டினாள்.

“அட, இது பழசுல்லா! வளைச்சு எடுத்த பின்னத் திரும்ப மாட்டக் கூடாது. புதுசு போட்டாச்சு” என்று சிரித்தபடி, சக்கரத்தின் மூடியைத் தட்டிக் கழற்றிக் காட்டினார். உள்ளே புதுப் பின் பளபளவென்று இருந்தது.

நான் குதித்தேன். அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டயரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் மானம் எதுவும் இல்லை.

“ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறஞ்சா போயிருவிய?” என்று நேராக அப்பாவைப் பார்த்தே கேட்டாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏறு, வீட்டுக்குப் போவோம்” என்று அவரும் நேராகவே சொன்னார். அத்தோடு என் தபால் வேலை போயிற்று.

திரும்பும்போது அம்மா அதே டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுகை மட்டும் அடங்கவில்லை. இவ்வளவு விவரம் கெட்ட அம்மாவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ஊர் வரும்வரை அவளுக்குப் புரியவைத்துக்கொண்டே வந்தேன்:

“எம்மா, அதான் புதுப் பின் போட்டாச்சுல்லா!”