பதினோரு பேரும் ஒரே லாரியில்

எஸ்னாத் கம்வாசாவுக்குச் சந்தையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரத்தக்காரி. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் விட மாட்டாள். நின்று திரும்பி, "உன் ரத்த குரூப் எனக்குத் தெரியும், ஜாக்கிரதை" என்பாள். சொன்னவன் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

நான் வைசன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இருப்பது ஒரே வண்டி. அதற்கு நான் ஒருவன்தான். எஸ்னாத் பரிசோதனைக் கூடத்து உதவியாளர். காகிதத்தில்தான் உதவியாளர். அவளுக்கு மேலே இருக்க வேண்டிய ஆள் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிறது, வேறு ஆள் வரவில்லை. ஒரு மைக்ரோஸ்கோப், சோலாரில் ஓடும் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு முக்காலி. அதை வைத்துக்கொண்டு ஒரு மலைப்பகுதி முழுவதற்கும் ரத்தம் பார்த்தாள்.

நகரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பைகள் வரும். மலேரியா காலத்தில் அது ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. அதனால் அவளே ஒரு வழி செய்தாள். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, யாருக்கு என்ன குரூப், எங்கே இருப்பார், போன் எண் என்ன, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று எழுதி வைத்தாள். ரத்தம் ஃபிரிட்ஜில் இல்லாவிட்டால் என்ன, ஊருக்குள் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறது என்பாள்.

ஆனால் அந்த நேரம் பொல்லாத நேரம். ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் ஊர் ஊராக வருகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பி, தெரியாத வண்டி வந்தால் கல்லெறிந்தார்கள். என் வண்டியின் முன்கண்ணாடியும் அதில்தான் போனது. கையை நீட்ட யாரும் துணியவில்லை. கடைசியில் பாதிரியார் தன் கையை முதலில் நீட்டினார், அவர் பின்னால் கோயில் பாடகர் குழு வந்தது. நல்ல ஜனங்கள். குடிக்க மாட்டார்கள், புதனும் ஞாயிறும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். எல்லாருக்கும் போடக்கூடிய ஓ குரூப் மட்டும் அதில் பதினோரு பேர். 'இதைவிட என்ன வேண்டும்' என்று அவளைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவள் என் வண்டியில் ஏரிக்கரை நகரத்துக்கு வருவாள், பரிசோதனைப் பட்டைகள் வாங்க. "அங்க எந்த மீன்காரன் காத்துக்கிட்டிருக்கான்?" என்று போகும் வழியெல்லாம் சீண்டுவேன். சிரிப்பாள். பதில் மட்டும் வராது.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. ஃபலேசி என்ற பெண்ணைச் சைக்கிள் கேரியரில் உட்கார்த்திக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. வீட்டிலேயே பிரசவம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் கும்பத்திரா ஒரு மணி நேரம் போராடி நிறுத்தினார். வெளியே வந்தபோது முழங்கை வரை சிவப்பு.

"நின்னுடுச்சு. ஆனா உள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல. மத்தியானத்துக்குள்ள ரெண்டு பையாவது ஏத்தணும், எஸ்னாத். ஓ குரூப்."

ஃபிரிட்ஜ் காலி. கடைசிப் பை முந்தின நாள் ஒரு மலேரியாக் குழந்தைக்குப் போயிருந்தது. நகரத்துக்குப் போகும் பாலத்தை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. புருஷனுக்கு ஏ. எனக்கு பி. ஃபலேசியின் அம்மாவுக்கு ஓ, ஆனால் சோதித்தால் அவளுக்கே மலேரியா. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமைக்கும் கொட்டகைக்கு எஸ்னாத் ஓடினாள். எல்லாரும் சட்டியைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்கள்.

அவள் நோட்டை எடுத்தாள். முதல் எண், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது எண்ணில் அவள் கை நின்றுவிட்டது.

"அண்ணே, இன்னிக்கு எட்டினா அக்காவோட அம்மா சாவு."

எட்டினா பாடகர் குழுவின் தலைவி. சாவு நடந்தது சிகோலாவில், பதினாறு கிலோமீட்டர். குழு மொத்தமும் விடியற்காலையில் ஒரே லாரியில் ஏறிப் போயிருந்தது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் போன் அடிக்கக் கூடாது. அடக்கம் முடியும்வரை யாரும் எழுந்து போகவும் கூடாது. போனால், இவன் கையும் இந்தச் சாவில் இருக்கிறது என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு பேரப்பிள்ளைகள்வரை போகும்.

"எட்டு வருஷமா ஒரு முட்டாள் எழுதின நோட்டு இது" என்றாள் எஸ்னாத். "பதினோரு பேரையும் ஒரே இடத்துலயா பொறுக்குவா ஒருத்தி?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "டீசல்?"

"ஒரு தடவை போய் வரலாம் சார். அதுக்கப்புறம் வேற யாராவது வந்தா தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

டாக்டர் வாசலைக் காட்டினார். "போங்க."

சேற்றில் வண்டி வழுக்கியது. சைரன் பொத்தானுக்கு என் கை போனதும் எஸ்னாத் தட்டிவிட்டாள். "சாவுக்குப் போற வழியில சைரனா? கல்லு விழும்." வெள்ளைக் கோட்டைக் கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்தாள். ஸ்ட்ரெச்சர் மேல் கிடந்த பூப்போட்ட துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அது இல்லாமல் எங்கள் பெண்கள் சாவு வீட்டில் கால் வைக்க மாட்டார்கள்.

சிகோலா வந்ததும், சாவுக்கு அடையாளமாகச் சாலையில் பச்சைக் கிளைகள் போட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைத்தேன். அதற்குள் மண்வெட்டியும் கையுமாக நாலு பேர் குறுக்கே நின்றுவிட்டார்கள். குழி வெட்டுகிறவர்கள். அவர்களுக்கு மட்டும் அன்றைக்கு யாரையும் கிண்டல் செய்யும் உரிமை உண்டு. ஊர்த் தலைவர்கூடப் பதில் பேச மாட்டார்.

"பொணத்தை ஏத்திட்டுப் போக அவ்வளவு அவசரமா டிரைவரு?" என்றான் அவர்களுக்குத் தலைவன் கலிலோம்பே, மண் படிந்த தொப்பியும் பெரிய குரலுமாக. "நாங்க இன்னும் இடுப்பளவுகூட வெட்டலையே!"

எஸ்னாத் இறங்கி நேராக ஊர்த் தலைவர் உட்கார்ந்திருந்த மரத்தடிக்குப் போனாள். சேற்றில் மண்டியிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அஞ்சு பேர் போதும், இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். பெண்கள் பக்கம் பாட்டு நின்றுவிட்டது. எட்டினா தன் அம்மாவின் பெட்டி அருகே எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் குழுவும் எழப் பார்த்தது, பிறகு தலைவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது.

"ஒரு தாயை மண்ணுக்குள்ள வைக்கப்போறோம்" என்றார் தலைவர். "நடுவுல எழுந்து போனா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா மகளே?"

"தெரியும் ஐயா."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ரத்தம் கேட்டு வந்திருக்காங்க! செத்த வீட்டையும் விடலையா?" கூட்டம் அசைந்தது. ஒரு பையன் குனிந்து கல் எடுப்பதைப் பார்த்தேன். என்ஜினை நான் நிறுத்தியிருக்கவில்லை. ஓடிவிடலாமா என்று நினைத்தது உண்மை. மறைக்கப் போவதில்லை.

கலிலோம்பே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தான். "ஏம்மா ரத்தக்காரி. சந்தையில உன்னைப் பாக்கறேன், எல்லார் கையையும் குத்தறே. உன் கையில ஒரு தடவையாவது குத்தினியா? நீ குடுத்து யாராவது பாத்திருக்கீங்களாய்யா?"

சிரிப்பு எழுந்தது. ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஒரு முறை கேட்டபோது பேச்சை மாற்றினாள்.

எஸ்னாத் எழுந்து நின்றாள். துணியில் சேறு.

"இல்ல. குடுத்ததில்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பதினோரு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். அதனாலதான் உசுரோட இருக்கேன். ஆனா என் ரத்தத்தை யாருக்கும் ஏத்த முடியாது." இடுப்புத் துணியிலிருந்து நோட்டை எடுத்தாள். "முடிஞ்சிருந்தா என் கையைத்தான் முதல்ல நீட்டியிருப்பேன். இங்க வந்து மண்டி போட்டிருக்க மாட்டேன். அங்க ஒரு பொண்ணு கெடக்கா. பிறந்த பிள்ளைக்கு இன்னும் பால்கூடக் குடுக்கல. அவளுக்குக் குடுக்க என்கிட்ட இருக்கறது இந்த நோட்டு ஒண்ணுதான்."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏரிக்கரைக்கு எதற்கு வந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. தெரிந்த முகம் பார்க்காத ஊரில் மாத்திரை வாங்க வந்தவளை, அத்தனை வருடம் மீன்காரன் பெயர் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன்.

கலிலோம்பே தொப்பியைக் கழற்றினான். ஒரு குழி வெட்டுகிறவன் கேலியைப் பாதியில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். தலைவர் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினான்.

"தலைவரே, சொல்ல மறந்துட்டேன். குழியில பாறை தட்டிடுச்சு."

"பாறையா? எங்க—" என்று ஆரம்பித்தான் அவன் கூட வந்தவன். கலிலோம்பே அவன் காலை மிதித்தான்.

"பெரிய பாறை. ரெண்டு மணி நேரம் ஆகும். கூடவும் ஆகலாம்."

குழியைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் சொல். அரசனே கிடந்தாலும் அவர்கள் முடிந்தது என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

"பாறைன்னா என்ன செய்ய முடியும்? காத்திருக்கத்தான் வேணும்" என்றார் தலைவர். "அந்த நேரத்துல யாரு தண்ணி குடிக்கப் போனாங்க, எவ்வளவு தூரம் போனாங்கன்னு நான் தலை எண்ணிக்கிட்டு உக்காரப் போறதில்ல."

முதலில் நடந்து வந்தவள் எட்டினா. "நீங்க வேணாம் அக்கா, உங்க அம்மா..." என்றாள் எஸ்னாத். "என் அம்மா காத்திருப்பா. நீ கதவைத் திற" என்றாள் அவள். பின்னால் நாலு பேர், பச்சை ரவிக்கையும் வெள்ளைத் தலைத்துணியுமாக. கலிலோம்பே என் ஜன்னலில் தட்டினான். "நீ வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே இருப்போம். லேட் பண்ணினே, கெழவி பூமிக்கு அந்தப் பக்கமாப் போயிடுவா."

திரும்பி வந்ததும் எஸ்னாத் அவசரத்துக்கு ஒரு சோதனையையும் விடவில்லை. டாக்டர் வாசலில் நின்று "எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பட்டையில கோடு தெரியணும் சார்" என்றாள், தலை தூக்காமல். ஒருத்திக்கு மலேரியா, தள்ளினாள். இன்னொருத்திக்கு ரத்தம் வலுவாக இல்லை, தள்ளினாள். மிச்சம் மூன்று பேர், எட்டினா உட்பட. ஃபலேசியின் உதடு சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பை தொங்கியது. இரண்டாவது பை பாதி இறங்கும்போது அவள் கண் திறந்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள். புருஷன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

மூன்று மணிக்கு அடக்கம். பேச்சு மாறாமல் வெட்டியிருந்தார்கள். குழிக்குள் இருந்தவர்களைக் கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. பாறை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கலிலோம்பே பரிசோதனைக் கூடத்து முக்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான். "குத்து" என்றான்.

புது நோட்டு போட்டாள் எஸ்னாத். கோயிலிலிருந்து இரண்டு பேர், மசூதியிலிருந்து இரண்டு பேர், சைக்கிள் டாக்ஸிக்காரர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள். ஒரு லாரியில் சேர்ந்து ஏறக்கூடியவர்கள் இரண்டு பேருக்கு மேல் கிடையாது. இப்போது பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதற்கு அவள் கொடுத்த விலை அவர்களுக்குத் தெரியாது. அவள் குடியிருந்த வீட்டுக்காரி அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தாள். சந்தையில் ரத்தக்காரி என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் அவளுடைய ஏரிக்கரை நாள் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவள் கூடத்தைப் பூட்டினாள், வண்டியைத் தாண்டி நடந்தாள். எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அதே மாத்திரை கொடுக்கும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் முன் வரிசையில் பத்துப் பதினைந்து பேர், முகத்தைத் துணியால் பாதி மூடிக்கொண்டு. இவள் மூடாமல் கடைசியில் போய் நின்றாள்.

"இனிமே டீசல் மிச்சம் அண்ணே" என்றாள்.

நானும் அவள் பின்னால் போய் நின்றேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஜன்னலுக்குள் இருந்தவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வைசன்?" என்று சத்தமாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தங்கச்சிகூட வந்திருக்கேன்" என்றேன், அதைவிடச் சத்தமாக.