ஒரு கிடாவும் பதினெட்டு போல்ட்டும்

என் வீட்டுக்காரர் தோக்தோசுனுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறப்பதற்கு முன்பே காது சிவந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் பொய் சொல்ல வேண்டிய வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். பக்கத்து வீட்டுக்காரி ஏணி கேட்டு வந்தால், ஏணி உடைந்து கிடக்கிறது என்று நான் வாசலில் நின்று சொல்வேன். இந்த மனுஷன் அதே ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிற்பார்.

எங்கள் மலையூர் கொச்கோரில் டிராக்டர் நிலையம் இருந்த காலத்தில் அங்கே இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்தார். நிலையத்தை இழுத்து மூடினார்கள். வேலை மட்டும் மூடவில்லை, நேராக என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. கோடையில் முற்றத்தில் வைத்துக் கழற்றுவார். குளிர்காலத்தில் முற்றத்தில் ஸ்பானரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இன்ஜினில் கழற்ற முடிந்ததெல்லாம் உள்ளே வந்துவிடும். நான் மாவு பிசையும் பலகைக்குப் பக்கத்தில் டீசல் நாற்றத்தோடு ஒரு சிலிண்டர் ஹெட் உட்கார்ந்திருக்கும். திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த வருஷம் ஜனவரியில் வந்தது சம்பந்தியின் ஹெட். எங்கள் மகள் நூரிஸாவைக் கொடுத்த இடம் அது. சம்பந்தி மம்பெத்தாலி பழைய டீசல் வேன் ஒன்றில் கொச்கோருக்கும் நரினுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி வெள்ளைப் புகை விடுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்.

அந்த நான்கு நாள் வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், வேறு போக்கிடம் இல்லை. வால்வு ஏறி இறங்குகிற சின்னக் குழாய்கள், கைடுகள், தேய்ந்துபோயிருந்தன. புதிய கைடுகளை ஒரு துணியில் முடிந்து, வெளியே பனிக்குள் புதைத்து வைத்தார். ஹெட்டை என் ரொட்டி அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். சூட்டில் ஓட்டை விரியும், குளிரில் கைடு சுருங்கும், இரண்டையும் சேர்த்தால் சுத்தியல் ஓங்காமலே உள்ளே போய்விடும் என்றார். போகத்தான் செய்தது. பிறகு ஒவ்வொரு வால்விலும் பேஸ்ட் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, வெண்ணெய் கடைவதுபோல் மணிக்கணக்கில் உருட்டினார். கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். விடிந்து பார்த்தால் கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தத் தாளை என்னிடமும் சம்பந்தியிடமும் மாறிமாறிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் முகம்.

சம்பந்தி வந்தால் ஆடு அறுக்காமல் இருக்க முடியாது. வேறு யாருக்கும் கோழி போதும். சம்பந்திக்குக் கோழி வைத்தால் அது நம் மகளுக்கு வைக்கிற சூடு. நாளைக்கு அந்த வீட்டில் யாராவது ஒருத்தி அவளிடம், "உங்க அப்பன் வீட்ல கோழியெல்லாம் நல்லா பெருசாத்தான் வளருது" என்பாள். ஆகவே அறுத்தோம். மரியாதைக்கு ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தோம். பிப்ரவரியில் மனைவியோடு வந்தார், அப்போதும் ஒன்று.

ஜனவரியில் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது தோக்தோசுன் அவரிடம் மூன்று தடவை சொன்னார். ஓடி ஓடி ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு அமுங்கும், போல்ட் தளரும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வர வேண்டும். ஹெட்டில் இருக்கிற பதினெட்டு போல்ட்டையும் இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். சூட்டில் இறுக்கக் கூடாது, ராத்திரி முழுக்க ஆற வேண்டும். அதாவது, வந்தால் தங்க வேண்டும். பனிக்காலத்தில் சவாரி குறைவு, பிப்ரவரியில் வந்தபோது ஆயிரம் ஆகியிருக்கவில்லை.

மார்ச் மாதம் எங்களிடம் மிச்சம் இருந்தது ஆறு சினையாடும் ஒரு கிடாவும். சினையாட்டை யாரும் அறுக்க மாட்டார்கள். கிடா என் தங்கை மகனின் சுன்னத் விருந்துக்குக் கொண்டுபோக வைத்திருந்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், பெரிய கிடாவாகக் கொண்டுவருவேன் என்று. என் வாய் அப்படி.

ஒரு நாள் மத்தியானம், தெருமுனையில் சம்பந்தியின் வேன் திரும்புவதை ஜன்னலில் பார்த்தேன். தோக்தோசுன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "போல்ட் இறுக்க வர்றாரு" என்று எழுந்தார். நான் கிடாவை நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

"என்னங்க, நிலக்கரிக் கொட்டகைக்குள்ள போங்க" என்றேன்.

"போல்ட்டு..."

"ரெண்டு வாரம் கழிச்சு இறுக்குனா போல்ட்டு அழுதுருமா? சுன்னத்து முடியட்டும். போங்க."

ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பின்வாசல் வழியாக, காலுறையோடு, பனியில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன்.

நான் வாசலுக்குப் போய், தோக்தோசுன் நரினுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றேன். மம்பெத்தாலி உள்ளே வரவில்லை. வழக்கத்துக்கு ரொட்டியை நீட்டினேன், வாசல்படியிலேயே நின்று ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல மென்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளுக்குள், போய்த்தொலையேன் சம்பந்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டியை விழுங்கிவிட்டு, "சரி சம்பந்தியம்மா, இன்னொரு நாள் வர்றேன். அவரு வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்பினார்.

கொட்டகையிலிருந்து தோக்தோசுன் கரிபூசிக்கொண்டு வந்தார். அடுப்பின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார். நனைந்த காலுறையைக் கழற்றிக் காயப் போட்டார். நானும், அதுதான் நடந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மம்பெத்தாலியின் அம்மா இறந்துபோனாள். தோலோன் கணவாய்க்கு அந்தப் பக்கம், அத்-பாஷியில். செய்தி வந்ததும் அவர் வேனை எடுத்திருக்கிறார். கணவாயின் உச்சிக்குப் பக்கத்தில் கேஸ்கட் போயிற்று. பனிப்புயல், போன் எடுக்காத இடம், எதிரே ஒரு வண்டி வரவில்லை. மறுநாள் ஒரு நிலக்கரி லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அங்கே தம்பிகள் மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் காத்திருந்தார்கள், அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள். பெரியவர்கள் இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்றுவிட்டார்கள். மூத்த மகன், இழவுக்குப் போடும் கூடாரத்து வாசலில் கம்பை ஊன்றி நின்று அழ வேண்டியவர், அம்மாவுக்கு முதல் பிடி மண் போட வேண்டியவர். அவர் லாரியிலிருந்து இறங்கியபோது எல்லோரும் இடுகாட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாளுக்கு நாங்கள் போனோம். அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ ஒரு கிழவர், வண்டி எப்படி நின்றது என்று கேட்டார். மம்பெத்தாலி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னோடதுதான். ஆயிரம் கிலோமீட்டர்ல இறுக்கணும்னு சம்பந்தி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாந்தான் விட்டுட்டேன்" என்றார். என் வீட்டுக்காரரின் கையில் ரொட்டி இருந்தது. அதை வாயில் வைக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் என் மகள் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டச் சொல்லி நானே ஒரு நாள் சண்டை இழுத்தேன். "கொட்டகைக்கு நடந்து போனது என் காலுதானே" என்றார்.

நாற்பதாம் நாள் முடிந்து மம்பெத்தாலி வேனை மறுபடி கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். தோக்தோசுன் ஹெட்டைக் கழற்றினார். இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் கருகிப் பிளந்திருந்தது. போல்ட்டுகள் பெரிய ஸ்பானருக்கு முரண்டு பிடிக்காமல் சுலபமாகக் கழன்று வந்தன. நான் பார்த்தேன், அவர் ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, வரிசையாக வைத்தார். பதினெட்டும் வைத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. ஒரு சுற்று இறுக்கியிருந்தால் போதும்.

நான் யாரையும் கேட்காமல் போய்க் கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சுன்னத்துக்கு நான் போகவே இல்லை. எப்படிப் போவது? கிடா தின்று கொழுத்து நின்றது. அதை அறுத்தோம். தலையை மம்பெத்தாலியின் முன்னால் வைத்தோம். அவர் வழக்கப்படி காதை அறுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை.

மூன்றாம் நாள் ஹெட் மறுபடி மேலே ஏறியது. இந்தத் தடவை வெயில் இருந்ததால் முற்றத்தில் வேலை. நடுவிலிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி, தோக்தோசுன் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். மம்பெத்தாலி எதிரே நின்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். நான் வாசலில் கெட்டிலோடு நின்றேன். பதினோராவது போல்ட்டை இறுக்கியதும் இவர் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"சம்பந்தி, அன்னிக்கு நீங்க வந்தப்ப நான் நரினுக்குப் போகல. இங்கதான் இருந்தேன். கொட்டகையில."

காது சிவக்கவில்லை. முகமே வெளுத்துப்போயிருந்தது. நான் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, போகச் சொன்னது நான்தான், கிடாவுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மம்பெத்தாலி கையமர்த்தினார்.

"தெரியும்" என்றார். "உங்க ரப்பர்ச் செருப்பு, கலோஷு, வாசல்லதான கெடந்துச்சு. டயர் ரப்பர் ஒட்டுப் போட்ட கலோஷ் இந்த ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு?"

ரொட்டியை மென்றுகொண்டே அவர் தரையைப் பார்த்தது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"அப்ப ஏன் கூப்பிடல?" என்றார் தோக்தோசுன். "ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருப்பீங்க. வெக்கத்துல அந்தக் கிடாவையும் அறுத்திருப்பீங்க. தொழுவத்துல கிடா ஒண்ணே ஒண்ணு நின்னத நான் பாத்தேன். என் வீட்லயும் மார்ச்சு மாசம் அப்படித்தான்." பதினோராவது போல்ட்டின் தலையை விரலால் துடைத்தார். "அதோட, கலோஷ் இங்க கெடக்குன்னா மனுஷன் பனியில வெறுங்காலோட நிக்கிறாருன்னு அர்த்தம். நான் நின்னு பேசுனா உங்க காலு வெறச்சுப் போகும். அதான் கெளம்பிட்டேன்."

பிறகு ரெஞ்சை எடுத்து அவரே என் வீட்டுக்காரரின் கையில் கொடுத்தார். "பன்னண்டு" என்றார்.

தோக்தோசுன் பன்னிரண்டாவதை இறுக்கினார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்ததால் ரெஞ்ச் இரண்டு தடவை நழுவியது. நான் உள்ளே போய்விட்டேன். சம்பந்தி என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே தேறியிருப்பேன். இன்றுவரை அவர் திட்டவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் வந்தார், இரண்டு நாள் தங்கினார், போல்ட் இறுக்கிக்கொண்டு போனார். வரும்போது அவரே ஒரு ஆட்டைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.